எஃகின் பெயர் சொல்லாதவை: பெரிய வேட்டைக் கத்திகளைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

பெரிய வேட்டைக் கத்திகளைச் சேகரிப்பவர்களின் பேச்சில் மிக அதிகமாக அடிபடுவது எஃகின் பெயர். இது 1095 என்பார் ஒருவர். டி2 அதைவிட மேல் என்பார் அடுத்தவர். எஸ்30வி இருக்கும்போது மற்றவை எதற்கு என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். அந்தப் பெயருடன் பெரும்பாலும் கடினத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும்: ராக்வெல் 58, ராக்வெல் 60, ராக்வெல் 62. எண் ஏறினால் கத்தியின் தரமும் ஏறுவதாகப் புதிதாக வருபவர் எடுத்துக்கொள்கிறார். விற்பவரும் அந்த எண்ணத்தைக் கலைப்பதில்லை.

பெயரும் எண்ணும் பொய்யான தகவல்கள் அல்ல. ஆனால் ஒரே எஃகில், ஒரே அளவில் செய்த இரண்டு கத்திகளில் ஒன்று மரக்கட்டையை வெட்டிய பிறகும் கை மயிரை மழிக்கும் கூருடன் இருக்கலாம். மற்றொன்று முதல் சில அடிகளிலேயே பல் பல்லாக உதிரலாம். இந்த வேறுபாட்டை எஃகின் பெயர் சொல்லாது. எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்த விதமும், அலகுக்குக் கொடுத்த வடிவமுமே அதைத் தீர்மானிக்கின்றன. அவை இரண்டையும் உலோகவியல் படிக்காதவருக்கு எட்டும் அளவில் இங்கே விளக்குகிறேன்.

## எந்தக் கத்தியைப் பற்றிப் பேசுகிறோம்

அலகு மடங்காமல் பிடியுடன் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருப்பதை நிலையலகுக் கத்தி எனலாம். அதன் வெட்டும் விளிம்பு வாய்; அதற்கு எதிர்ப்புறத்தில் உள்ள தடித்த விளிம்பு முதுகு. அலகின் உலோகம் பிடிக்குள்ளும் தொடர்ந்து செல்லும். அந்தத் தொடர்ச்சியைச் சேகரிப்பாளர்கள் டேங் என்கிறார்கள். இந்த மூன்று சொற்களும் கட்டுரை முழுவதும் வரும்.

ஒரு மானின் தோலை உரிக்கப் பத்து சென்டிமீட்டர் அலகே போதும் என்பதை வேட்டைக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். அலகு இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை நீளும் பெரிய கத்திகள் கிளை வெட்டவும், முகாம் அமைக்கவும், தற்காப்புக்கும், வெளிப்படையாகச் சொன்னால் அழகுக்காகவும் பிறந்தவை. இவ்வகையின் புகழ் 1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டு ஒன்றில் நடந்த சண்டையிலிருந்து தொடங்குகிறது. சுடப்பட்டும் குத்தப்பட்டும் கிடந்த ஜேம்ஸ் பொவி, தம்மிடம் இருந்த பெரிய கத்தியால் எதிரி ஒருவரைக் கொன்ற செய்தி நாளிதழ்கள் வழியே பரவ, ‘பொவி கத்தி’ வேண்டும் என்று கேட்போர் பெருகினர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்காக அத்தகைய கத்திகளை ஏராளமாகச் செய்து அனுப்பின. பொவி 1836இல் அலமோ கோட்டையில் இறந்தார். அவர் கையில் இருந்த கத்தி எந்த வடிவத்தில் இருந்தது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. ஆகவே ‘அசல் பொவி வடிவம்’ என்ற விளம்பரச் சொல்லுக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். அலகின் நீளம், இருபுறமும் வாய் இருப்பது போன்றவற்றுக்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. வீட்டில் வைத்திருப்பது, வெளியே எடுத்துச் செல்வது, அஞ்சலில் தருவிப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விதி இருக்கலாம் என்பதால், வாங்கும் முன்பே தம் இடத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது சேகரிப்பாளரின் பொறுப்பு.

## கடினம் வேறு, முறியாத்தன்மை வேறு

ஒரு கண்ணாடித் துண்டையும் ஒரு செம்புக் கம்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணியால் கீறினால் செம்பில் எளிதாகக் கோடு விழும், கண்ணாடி அசைந்துகொடுக்காது. இரண்டையும் சுத்தியலால் தட்டினால் நிலைமை தலைகீழாகும்: செம்பு நசுங்கும், கண்ணாடி சிதறும். கீறலையும் அழுத்தத்தையும் எதிர்க்கும் இயல்பு கடினத்தன்மை. அடியை வாங்கிக்கொண்டு உடையாமல் நிற்கும் இயல்பு முறியாத்தன்மை. கண்ணாடியில் முதலாவது மிகுதி, செம்பில் இரண்டாவது மிகுதி.

கத்தி எஃகு இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தப்படுகிறது. வாய் மடியாமலும் மழுங்காமலும் இருக்கக் கடினம் தேவை. அடிக்கும்போது வாய் உதிராமலும் அலகு உடையாமலும் இருக்க முறியாத்தன்மை தேவை. ஒரே எஃகில் ஒன்றைக் கூட்டினால் பொதுவாக மற்றொன்று குறையும். கத்தி செய்பவரின் வேலையில் பெரும்பகுதி இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கிடுவதுதான்.

இவற்றுடன் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் கடினத்துடன் குழப்பிக்கொள்கிறார்கள்: தேய்மான எதிர்ப்பு. எஃகுக்குள் கார்பைடு எனப்படும் மிகக் கடினமான நுண்துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. கார்பன் ஓர் உலோகத்துடன் சேர்ந்து உண்டான சேர்மங்கள் அவை. ஒரே ராக்வெல் எண் கொண்ட இரண்டு எஃகுகளில் இந்தத் துகள்கள் மிகுந்த ஒன்று, கயிற்றையோ மண் படிந்த தோலையோ வெட்டும்போது மெதுவாகத் தேயும். ஆனால் துகள்கள் பெரிதாகவும் மிகுதியாகவும் இருந்தால் விரிசல் தொடங்குவதற்கு அவையே இடம் கொடுக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: ‘வலுவான எஃகு’ என்ற ஒற்றைச் சொல் எதையும் விளக்காது. மடியாமை, முறியாமை, தேயாமை ஆகிய மூன்றும் தனித்தனி இயல்புகள். துருவை எதிர்ப்பது நான்காவது. எந்தக் கத்தியிலும் இந்த நான்கும் ஒருசேர உச்சத்தில் இருப்பதில்லை.

## ராக்வெல் எண் உண்மையில் எதை அளக்கிறது

ஹ்யூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் ஆகிய இருவரின் சோதனை முறைக்கு 1919இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கத்திகளுக்குப் பயன்படும் ‘சி’ அளவுகோலில், 120 பாகைக் கூம்பாகச் செதுக்கிய வைரமுனை ஒன்றை முதலில் 10 கிலோகிராம் விசையிலும், பிறகு மொத்தம் 150 கிலோகிராம் விசையிலும் எஃகில் அழுத்துவார்கள். கூடுதல் விசையை நீக்கிய பின் எஞ்சி நிற்கும் பள்ளத்தின் கூடுதல் ஆழமே எண்ணாக மாறுகிறது, 0.002 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு புள்ளி குறையும்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. 58 என்ற எண்ணுக்கும் 60 என்ற எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு ஆழம். கருவியே ஒரு புள்ளி முன்பின் காட்டக்கூடும். தயாரிப்பாளர்கள் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் 57–59 என்று வரம்பாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான். என்னைக் கேட்டால், வரம்பு சொல்பவரை நம்பலாம். ஒவ்வொரு கத்தியும் மிகச் சரியாக 60 என்று சொல்பவரிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேட்கலாம்.

மேலும், வைரமுனை அழுத்தியது அலகின் ஏதோ ஒரு புள்ளியில் மட்டுமே. வாய் மிக மெலிந்திருப்பதால் அங்கே நேரடியாகச் சோதிப்பது கடினம். தடித்த இடத்திலோ டேங்கிலோ அளப்பதே வழக்கம். கிடைக்கும் எண் கடினத்தைப் பற்றியது மட்டுமே. முறியாத்தன்மையைப் பற்றியோ தேய்மானத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. பெரிய, ஓங்கி வெட்டும் கத்திகளைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 55 முதல் 58 வரையிலும், தோல் உரிக்கும் சிறிய கத்திகளை 58க்கு மேலும் நிறுத்துகிறார்கள் என்றால், பெரிய கத்தி தரத்தில் தாழ்ந்தது என்று பொருளல்ல. அது அடி வாங்க வேண்டிய கத்தி என்பதே பொருள்.

## நெருப்பிலும் எண்ணெயிலும் நடப்பது

இப்போது உண்மையான இயக்கத்துக்கு வரலாம். எஃகு என்பது அடிப்படையில் இரும்பும் சிறிதளவு கார்பனும் சேர்ந்த கலவை. அறை வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையில் கார்பன் அணுக்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஆகவே கார்பன் தனியாகப் பிரிந்து இரும்புக் கார்பைடாக நிற்கும். எளிய கார்பன் எஃகை 727 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அணுக்களின் அடுக்கு மாறுகிறது. ஆஸ்டெனைட் எனப்படும் இந்தப் புதிய அடுக்கில் கார்பன் தாராளமாகக் கரையும். செந்நிறமாகக் கனன்ற அலகைக் காந்தத்தில் வைத்துப் பார்க்கும் கொல்லரின் பழக்கம் இதனுடன் தொடர்புடையது: சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவதை நிறுத்திவிடும், அதற்குச் சற்று மேலே சென்றால் போதும் என்பது அவர் கணக்கு.

அந்த நிலையிலிருந்து அலகை மெதுவாக ஆறவிட்டால் கார்பன் நிதானமாக வெளியேறி, எஃகு மறுபடியும் மென்மையாகிவிடும். சட்டென்று எண்ணெயில் தோய்த்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் இல்லை. இரும்பின் அடுக்கு பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல்கிறது, உள்ளே சிக்கிய கார்பன் அதைத் தடுக்கிறது. விளைவாக, இழுத்துக் கட்டப்பட்டது போன்ற விறைப்புடன் ஒரு புதிய அமைப்பு உருவாகிறது. மார்ட்டென்சைட் என்பது அதன் பெயர். கத்தியின் கடினம் முழுவதும் இந்த விறைப்பிலிருந்தே வருகிறது. 1095 எஃகில் இந்தக் குளிர்ச்சியின் முக்கியமான பகுதி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்தாக வேண்டும் என்பதால்தான், எண்ணெயின் தன்மையும் அலகின் தடிமனும் அவ்வளவு முக்கியமாகின்றன.

தோய்த்து எடுத்த அலகு ராக்வெல் 65ஐத் தொடக்கூடும். ஆனால் அது தரையில் விழுந்தாலே உடையும் நிலையில் இருக்கும்; கத்தியாக அது இன்னும் பயன்படாது. எனவே அதை ஏறத்தாழ 180 முதல் 260 டிகிரி வரையிலான மிதமான வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, பெரும்பாலும் மீண்டும் ஒருமுறை அப்படியே செய்வார்கள். இதைப் பதமாக்குதல் என்கிறோம். சிக்கிய கார்பனில் ஒரு பகுதி மிக நுண்ணிய கார்பைடுகளாக வெளியேற, விறைப்பு தளர்ந்து, கடினத்தில் சில புள்ளிகள் போய் முறியாத்தன்மை வந்து சேரும். பதமாக்கும் வெப்பநிலை உயர உயரக் கடினம் இறங்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே செய்பவரின் தீர்ப்பு.

தவறு நேர வழிகள் பல. அளவுக்கு மேல் சூடாக்கினால் எஃகின் படிகங்கள் பெருத்துப்போய், கடினம் சரியாக இருந்தும் அலகு எளிதில் முறியும். குறைவாகச் சூடாக்கினாலோ மெதுவாகக் குளிர்வித்தாலோ மென்மையான பகுதிகள் தங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகுகளுக்கு 1,000 டிகிரிக்கும் மேற்பட்ட சூடு தேவைப்படுகிறது. அவற்றில் பலவற்றைக் காற்றிலேயே குளிர்விக்கலாம் என்பது ஆறுதல், வெப்பநிலையைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பது சிக்கல். சில உயர்கலவை எஃகுகளில் தோய்த்த பிறகும் ஆஸ்டெனைட்டில் ஒரு பங்கு மாறாமல் தங்கும்; அதை மாற்றுவதற்காகவே அலகை மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் வைக்கும் வழக்கம் உண்டு.

சுருக்கமாக: சூடாக்குதல் கார்பனைக் கரைக்கிறது, தோய்த்தல் அதைச் சிறைப்படுத்துகிறது, பதமாக்குதல் விறைப்பைத் தளர்த்துகிறது. இந்த மூன்று படிகளில் எதுவும் எஃகின் பெயரைக் கொண்டு தானாக நடந்துவிடுவதில்லை.

## ஒரே அலகில் இரண்டு பதம்

நீண்ட அலகில் வாய்க்குக் கடினமும் முதுகுக்கு முறியாத்தன்மையும் தேவை என்றால், இரண்டு இடங்களுக்கும் இரண்டு விதமான பதம் கொடுக்கலாம் அல்லவா? கொடுக்கலாம். முதுகில் களிமண் பூசித் தோய்த்தால் அந்தப் பகுதி மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கும். வாயை மட்டும் எண்ணெயில் இறக்கலாம். முழுவதும் தோய்த்த பின் முதுகை மட்டும் மறுபடி சூடாக்கலாம். களிமண் பூசிய அலகில் கடினப் பகுதியும் மென் பகுதியும் சந்திக்கும் எல்லை, மெருகேற்றும்போது அலை போன்ற கோடாகத் தெரியும். ஜப்பானிய வாள்களில் அதற்கு ஹமோன் என்று பெயர். இன்றைய வேட்டைக் கத்திகளிலும் அதை விரும்பிச் செய்கிறார்கள்.

1976இல் அமெரிக்காவில் உருவான அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி தன் உறுப்பினர்களுக்கு வைக்கும் தேர்வு இந்தக் கொள்கையின் மீதே நிற்கிறது. ஒரே கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டுமான மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அந்த வாய் மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை இடுக்கியில் பொருத்தி 90 பாகை வளைக்கும்போது அது முறியக்கூடாது. வாயோரத்தில் ஓரளவு விரிசல் விழுந்தாலும் மன்னிப்பு உண்டு. தேர்வு முடிந்ததும் அந்தக் கத்தி எதற்கும் உதவாது. சேகரிப்பாளருக்கு அது ஒரு செய்தியைச் சொல்கிறது. தேர்ச்சி பெற்றவர் ஒருவர், எஃகின் பெயரைத் தாண்டி, அதை எப்படி நடத்துவது என்று அறிந்திருக்கிறார்.

இந்த வளைவுச் சோதனையை வைத்து, வளையாத கத்தி மட்டம் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. அது தவறு. மென்மையான முதுகு வளைந்து வளைந்தபடியே நிற்கும். முழுவதும் ஒரே பதம் கொடுத்த அலகு வளைந்து நேராகத் திரும்பும், எல்லையைத் தாண்டினால் முறியும். இரண்டும் வெவ்வேறு நோக்கங்கள்.

## வடிவம் செய்யும் வேலை

பலருக்கும் வியப்பளிக்கும் ஒரு செய்தி இது: அலகு எவ்வளவு விறைப்பாக வளைவை எதிர்க்கிறது என்பதைச் சூட்டுப் பதம் மாற்றுவதில்லை. (இங்கே விறைப்பு என்பது மேலே சொன்ன அணு அடுக்கின் விறைப்பு அல்ல, முழு அலகும் வளைய மறுக்கும் இயல்பு.) மென்மையான எஃகும் கடினமாக்கிய எஃகும், ஒரே வடிவில் இருந்தால், சிறிய விசைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். பதம் தீர்மானிப்பது அடுத்த கட்டத்தை: விசையை விட்டதும் அலகு திரும்புமா, அப்படியே நிற்குமா, உடையுமா என்பதை.

விறைப்பைத் தீர்மானிப்பது தடிமன். தடிமன் 4 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டரானால் விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகும், ஏனெனில் அது தடிமனின் மும்மடிக்கேற்பக் கூடுகிறது. பெரிய கத்திகளை வாங்குவோர் தடித்த அலகின் மீது கொள்ளும் மோகத்துக்கு இதில் நியாயம் உண்டு. ஆனால் தடித்த அலகு வெட்டுப்பொருளைப் பிளக்கும், அறுக்காது. நன்றாக வெட்டுவதற்கு வாயை ஒட்டிய பகுதி மெலிந்திருக்க வேண்டும். முதுகிலிருந்து வாய் வரை சரிவு நேர்கோடாக இறங்கினால் தட்டைச் சரிவு, உட்குழிந்து இறங்கினால் குழிவுச் சரிவு, வெளிப்புறம் பருத்து இறங்கினால் குவிவுச் சரிவு. குழிவு மென்மையாக அறுக்கும், அடிக்கு எளிதில் சேதமாகும்; குவிவு ஓங்கி வெட்டுவதற்கு ஏற்றது; தட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சாதாரண எஃகில் நல்ல வடிவம் கொண்ட கத்தி, விலையுயர்ந்த எஃகில் மொத்தையாகச் செய்த கத்தியைவிட நன்றாக வெட்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அலகின் பக்கவாட்டில் ஓடும் நீண்ட பள்ளத்தை இரத்தம் வழிவதற்கானது என்று சொல்வது பரவலான கட்டுக்கதை. விறைப்பை அதிகம் இழக்காமல் எடையைக் குறைக்கவே அந்தப் பள்ளம். சில கத்திகளில் அது வெறும் அலங்காரம்.

## பெயர் சொல்வது எவ்வளவு

அப்படியானால் எஃகின் பெயருக்குப் பொருளே இல்லையா என்றால், உண்டு. செய்பவரின் கையில் என்ன சாத்தியங்கள் இருந்தன என்பதை அது சொல்கிறது. 1095 என்பதில் ஏறக்குறைய 0.95 விழுக்காடு கார்பன். அடிக்குத் தாங்கும், தீட்டுவது எளிது, துருப்பிடிக்கும். 5160 என்பதில் 0.6 விழுக்காடு கார்பனும் சிறிது குரோமியமும். வாகனங்களின் வில்தட்டுகளுக்குப் பயன்படும் இந்த எஃகைப் பெரிய கத்தி செய்யும் கொல்லர்கள் விரும்புவதற்கு அதன் முறியாத்தன்மையே காரணம். 440சி, 154சிஎம் ஆகியவற்றில் கார்பன் ஒரு விழுக்காட்டை ஒட்டியும் குரோமியம் முறையே 17, 14 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும்.

துருவை எதிர்ப்பது எஃகில் உள்ள மொத்தக் குரோமியம் அல்ல, கார்பைடாகக் கட்டுப்படாமல் மீதமிருக்கும் குரோமியம். டி2 எஃகில் குரோமியம் ஏறக்குறைய 12 விழுக்காடு இருந்தும் அது முழுமையாகத் துருப்பிடிக்காத எஃகாக எண்ணப்படாததன் காரணம் இதுதான்: அதன் 1.5 விழுக்காடு கார்பன், குரோமியத்தில் பெரும்பங்கைத் தன்னுடன் பிணைத்துக்கொள்கிறது. 2001இல் வந்த எஸ்30வியில் 4 விழுக்காடு வனேடியம் சேர்க்கப்பட்டது. வனேடியக் கார்பைடுகள் மிகக் கடினமானவை. உருகிய எஃகை நுண்துளிகளாகத் தெளித்துப் பொடியாக்கி, பிறகு அழுத்தி ஒன்றாக்கும் முறையில் அது செய்யப்படுவதால் கார்பைடுகள் பெருக்காமல் சிறிதாகவே நிற்கின்றன. தேய்மான எதிர்ப்பில் அது 1095ஐ எளிதில் மிஞ்சும். ஓங்கி வெட்டும் பெரிய கத்திக்கு 1095 அல்லது 5160 பொருத்தமாக இருக்கக்கூடும். எது மேல் என்று கேட்பதைவிட எந்த வேலைக்கு என்று கேட்பது பயன் தரும்.

## அடித்துச் செய்ததும் தேய்த்துச் செய்ததும்

உலையில் வைத்துச் சுத்தியலால் அடித்து உருவாக்கியது எப்போதும் உறுதியானது, எஃகுப் பட்டையைச் சாணையில் தேய்த்து உருவாக்கியது மட்டமானது என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. இன்றைய எஃகுப் பட்டை ஆலையிலேயே உருட்டாலைகளில் அழுத்தப்பட்டு வருகிறது; மேலும் அடிப்பதால் வடிவம் கிடைக்கும், பொருளும் மிச்சமாகும், உறுதி தானாகக் கூடிவிடாது. பட்டையைத் தேய்த்தே கத்தி செய்த பாப் லவ்லெஸ் (1929–2010) இதற்கு நேரடிச் சான்று. முனை சற்றுத் தாழ்ந்த அவருடைய வேட்டைக் கத்தி வடிவம் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. சேகரிப்பாளர்கள் மிக உயர்ந்த விலை கொடுப்பவற்றுள் அவர் கத்திகளும் அடங்கும்.

டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கப்படும் வரியோடிய அலகுகளிலும் இதே குழப்பம். இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக உலையில் ஒட்டவைத்து, அமிலத்தில் தோய்த்து வரிகளை வெளிக்கொணர்ந்தவை. 1973இல் அமெரிக்கக் கொல்லர் பில் மோரன் இத்தகைய கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகே அமெரிக்காவில் இந்தக் கலை மறுபடி பரவியது. பழைய டமாஸ்கஸ் வாள்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகிலிருந்து வந்தவை. அவற்றின் வரிகளுக்குக் காரணம் உள்ளே வரிசையாக அமைந்த கார்பைடுகள். தாதுவில் இருந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற தனிமங்கள் அந்த வரிசைக்குத் துணைபுரிந்தன என்று உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல் பென்ட்ரேயும் மறுஆக்கம் செய்து காட்டினார்கள். இரு வகையிலும் வரி அழகு. தரத்துக்கு அது உறுதிமொழி அல்ல. மலிவான அலகுகளில் சாதாரண எஃகின் மேற்பரப்பில் மட்டும் வரி பொறிக்கப்பட்டிருக்கும். உண்மையான அடுக்கு எஃகில் வரிகள் முதுகின் குறுக்காகவும் தொடர்ந்து ஓடும் என்பதால், முதுகைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டேங்கைப் பற்றியும் சிறிது. பிடியின் முழு வடிவத்திலும் உலோகம் தெரிவது முழு டேங். பிடிக்குள் ஒடுங்கி மறைவது மறை டேங். பின்னது பலவீனமானது என்பார்கள். ஆனால் மேலே சொன்ன சொசைட்டியின் உயர்நிலைத் தேர்வுக் கத்தி மறை டேங்குடன்தான் செய்யப்பட வேண்டும் என்பது விதி. அலகும் டேங்கும் சேரும் மூலை கூர்மையான வெட்டாக இல்லாமல் வளைவாக இருக்கிறதா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஏனெனில் கூர்மூலையில் விசை குவிந்து முறிவு தொடங்கும்.

## உடைத்துப் பார்க்க முடியாதவர் எதைப் பார்ப்பது

சேகரிப்பாளர் தம் கத்தியை வளைத்தும் வெட்டியும் சோதிக்கப் போவதில்லை. வெப்பப் பதம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே செய்தவர் யார், அவர் எவ்வாறு பதமிடுகிறார் என்று வெளிப்படையாகச் சொல்கிறாரா, அவருடைய மற்றக் கத்திகள் பயன்பாட்டில் எப்படி இருந்தன என்பவையே மறைமுகச் சான்றுகள். கண்ணுக்குத் தெரியும் நேர்த்தியும் ஒரு சான்றுதான்: இரு பக்கச் சரிவும் ஒரே உயரத்தில் முடிகின்றனவா, கைக்காப்புக்கும் அலகுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறதா, முதுகிலிருந்து பார்க்கும்போது அலகு நேராக இருக்கிறதா என்பவற்றில் கவனமாக இருந்தவர் உலையிலும் கவனமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய கத்திகளில் முத்திரைகள் உதவும். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரைக் கோரியதால், ‘இங்கிலாந்து’ என்று பொறித்த ஷெஃபீல்டு கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. கிரீடத்தின் இருபுறமும் ‘வி’, ‘ஆர்’ எழுத்துகள் இருந்தால் அது விக்டோரியா அரசியின் காலத்தை, அதாவது 1837 முதல் 1901 வரையைச் சுட்டும். முத்திரைகளும் போலியாகப் பொறிக்கப்படுகின்றன என்பதால் ஒரே ஒரு முத்திரையை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

பிடியின் பொருளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். பழைய செல்லுலாய்டு பிடிகள் காலப்போக்கில் சிதைந்து, அமிலத்தன்மையுள்ள ஆவியை வெளியிட்டு, அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளின் எஃகையும் அரித்துவிடும். அவற்றைத் தனியே, காற்றோட்டமாக வைக்க வேண்டும். தந்தம், மான்கொம்பு ஆகியவற்றின் விற்பனைக்குப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு.

## பதம் பறிபோகும் விதம்

உலையில் மணிக்கணக்கில் கொடுத்த பதத்தைச் சில நொடிகளில் அழிக்க முடியும். மின்சாணைச் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் தீட்டும்போது, மெலிந்த வாய் நொடியில் சூடேறுகிறது. எளிய கார்பன் எஃகில் அந்தச் சூடு நிறமாகத் தெரியும்: 220 டிகிரியை ஒட்டி வெளிர் மஞ்சள், 280ஐ ஒட்டி ஊதா, 300ஐ ஒட்டி நீலம். நீலம் ஏறிய வாய், செய்தவர் நிறுத்திய வெப்பநிலைக்கும் மேலே போய் மறுபடி பதமாகிவிட்டது. அந்த இடம் மென்மையாகி, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. ஈரக் கல்லில் கையால் தீட்டினால் இந்த ஆபத்து இல்லை. தோல் உறைக்குள்ளேயே கத்தியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் நல்லதல்ல: தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட வேதிப்பொருள்களும் சேர்ந்து எஃகில் புள்ளிப் புள்ளியாகத் துருவை உண்டாக்கும். மெல்லிய மெழுகுப் பூச்சுடன் அலகையும் உறையையும் தனித்தனியே வைப்பதே முறை.

பழைய கத்தியில் பரவியிருக்கும் சாம்பல் நிறப் படலத்தைச் செந்துருவுடன் குழப்பிக்கொண்டு பளபளப்பாக்குவது, மதிப்பை மட்டுமின்றிச் சான்றுகளையும் அழிக்கும். மெருகு ஏற்றிய அலகில் நீல நிறமும் மறைந்துவிடும் என்பதால், பளிச்சென்ற பழைய கத்தியைச் சந்தேகத்துடன் பார்ப்பது தவறாகாது. அதற்கு எளிய சோதனை, கத்தியுடன் வந்த பழைய உறையில் அதைச் செருகிப் பார்ப்பது. உறையின் உட்புறத் தடத்தைவிட அலகு வெகுவாக ஒடுங்கியிருந்தால், அல்லது முத்திரையின் எழுத்துகள் பாதி மங்கி விளிம்புகள் மழுங்கியிருந்தால், அந்த அலகு சக்கரத்தில் பலமுறை தேய்க்கப்பட்டிருக்கிறது. அதன் வாயில் முதலில் இருந்த பதம் இப்போது எஞ்சியிருக்கும் என்று எண்ணி விலை பேசக் கூடாது.